சிங்கை எந்தச் சிங்கை?

இராசேந்திர சோழனின் படைதான் சிங்கப்பூர்த் தீவுக்குச் ‘சிங்க ஊர்’ என்று பெயரிட்டதாகத் தேக்காப் பக்கத்து மேடைகளில் இன்னமும் முழங்குகிறார்கள். மெய்க்கீர்த்தியைப் படித்தவர் இப்படிப் பேசமாட்டார். ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மானக்கவாரம், கடாரம் என்று கடல் கடந்து வென்ற ஊர்களை அது வரிசைப்படுத்துகிறது. சிங்கபுரம் அதில் இல்லை. படையெடுப்பு நடந்தது 1025இல். 1349இல் வாங் தாயுவான் எழுதிய சீனக் குறிப்பு இத்தீவை ‘தன்மாசி’ என்கிறது. 1365இல் இயற்றப்பட்ட ஜாவானியக் காவியமான நாகரகிருதாகமம் ‘துமாசிக்’ என்கிறது. சோழன் வைத்த பெயரை முந்நூறு ஆண்டுகளாக ஒருவருமே அறியவில்லையா?

இலக்கணமும் இடம் தராது. சிங்கமும் ஊரும் புணர்ந்தால் சிங்கவூர். நம் ‘பூர்’ புரத்தின் திரிபு. எல்லாப் பூரும் புரமல்ல என்பது வேறு செய்தி: கோலாலம்பூரில் இருப்பது ‘லும்பூர்’, மலாயில் சேறு.

சிங்கப்பூர் ஆற்றுமுகத்தில் இருந்த கல்வெட்டை 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய துண்டில் ‘பரகேசரி’ என்ற பட்டத்தின் பகுதி தெரிவதாக 2019இல் ஒரு வாசிப்பு வந்தது. அப்படியே இருந்தாலும் அது அரசனின் பட்டம், ஊரின் பெயர் அன்று.

சிங்கபுரம் என்ற பெயர் இச்சோழப் படையெடுப்புக்கு வெகு முந்தியது. கோவலனின் முற்பிறப்புப் பழி நிகழ்ந்த கலிங்கத்துச் சிங்கபுரத்தைச் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை படித்தோர் மறந்திருக்கமாட்டார்கள். சம்பா நாட்டிலும் ஒரு சிம்மபுரம் உண்டு. அரசர்கள் விரும்பிச் சூட்டிக்கொண்ட பெயர் அது. தெமாசெக் எனப்பட்ட இத்தீவின் நகரமும் பின்னாளில் சூட்டிக்கொண்டது.

அந்த நகரம் இருந்த குன்றுக்கு மலாய்க்காரர்கள் இட்ட பெயர் புக்கிட் லாரங்கான், அதாவது விலக்கப்பட்ட குன்று. இன்றைய ஃபோர்ட் கேனிங். 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்டு சுற்றிப் பார்த்தபோது செங்கல் அடித்தளங்களும் மதிலும் பானையோடுகளும் சீனக் காசுகளும் கிடந்தன. காடாய் மண்டிய பழைய பழமரங்களைப் பண்டைய குடிகள் வளர்த்தவை என்று அவர் கருதினார். 1928இல் நீர்த்தேக்கம் வெட்டியபோது பொற்கடகங்கள் வெளிப்பட்டன. 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அகழ்ந்தார். இன்று போகிறவர் கண்ணுக்கு அப்பழைய நகரின் ஒரு சுவரும் தென்படாது. மரநிழலில் கூரையிட்ட அகழ்குழி ஒன்றுதான் சான்று. எனக்கு அது போதுமானது.

குன்றின் அடிவாரத்தில் டாங்க் ரோட்டு முருகன் கோயில் இருக்கிறது. 1859இல் நகரத்தார் எழுப்பியது. அந்த முருகன் மேல் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் பாடிய ‘சிங்கைநகர் அந்தாதி’ 1887இல் அச்சேறியது. ‘சிங்கை நேசன்’ இதழ் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

தஞ்சாவூர் தஞ்சையானதுபோலச் சிங்கப்பூர் சிங்கையானது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்பார்கள். மரூஉ விதி எனக்கும் தெரியும். ஆனால் பண்டிதர் ‘சிங்கை’யோடு நிற்கவில்லை, ‘சிங்கைநகர்’ என்றார். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகர் சிங்கைநகர். அவர்களே சிங்கையாரியர். கோட்டகமக் கல்வெட்டிலும் அப்பெயர் நிற்கிறது. அந்நகரமும் அழிந்தது, வல்லிபுரமா, நல்லூரா என்று அதன் இடத்தைப் பற்றி வழக்கு இன்னும் ஓயவில்லை. யாழ்ப்பாணத்துப் புலவன் ஒருவன் இச்சொல்லைத் தற்செயலாக எடுத்தான் என்பதை நான் ஏற்கமாட்டேன். அழிந்த தன் தலைநகரின் பெயரைத்தான் அவன் இங்கே கொண்டுவந்து இட்டான்.