பாண்டாவும் நம்ம கொள்ளிடத்து முதலையும்

போன வாரம் பேத்தி கைப்பேசியில் பாண்டாக் குட்டி ஒன்றைக் காட்டி, "தாத்தா, இது வண்டலூர்ல இருக்கா?" என்று கேட்டாள். வண்டலூர் மட்டுமில்லை, இந்தியாவில் எங்கேயும் இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது.

பாண்டாவைக் கூண்டில் வைத்துக் குட்டி எடுப்பது லேசில்லை. பெண் பாண்டா இனச்சேர்க்கைக்குத் தயாராக இருப்பது வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான். பிறக்கும் குட்டி நூறு கிராம் இருக்கும். இரட்டையாகப் பிறந்தால் தாய் பெரும்பாலும் ஒன்றைத்தான் வளர்க்கும். சீனாவின் செங்டுவில் ஊழியர்கள் இரண்டையும் மாற்றி மாற்றித் தாயிடம் கொடுத்து, மற்றதை இன்குபேட்டரில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். பூங்காவில் முதல் குட்டி பிறந்தது 1963-ல், பீகிங்கில்.

இதைச் சொல்லும்போது எனக்கு முதலைதான் ஞாபகம் வந்தது.

தா.பழூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்குக் கொள்ளிடத்து மடு தெரியும். "மடுப் பக்கம் போகாதடா" என்று அம்மா கத்துவாள். (அப்போது நாமெல்லாம் திருச்சி மாவட்டம். பெரம்பலூர், அரியலூர் என்று பிரித்ததும் சேர்த்ததும் மறுபடி பிரித்ததும் தனிக் கதை.) ஆனால் நான் வேலைக்குப் போன 1970-களில் தோலுக்காகச் சுட்டே நாடு முழுக்க முதலையைக் கரைத்துவிட்டிருந்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1975-ல் ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பின் துணையோடு மத்திய அரசு முதலைத் திட்டம் தொடங்கியது. ஆற்றங்கரை முட்டைகளை எடுத்துவந்து பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, மறுபடி நீரில் விடுவது. நம் மாநிலத்தில் அமராவதி, சாத்தனூர் பண்ணைகள் அப்படி வந்தவை. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர், மனைவி ஜாயுடன் மகாபலிபுரம் சாலையில் முதலைப் பண்ணையை ஆரம்பித்தார்.

1988-ல் பள்ளிச் சுற்றுலாவில் பையன்களை அங்கே கூட்டிப்போனேன். பாண்டாவுக்கு நேர் எதிர்! வெயில் காய மணல் கரை, முங்கக் குளம், வயிற்றுக்கு மீன். முதலை கேட்பது அவ்வளவுதான். ஒரு தடவைக்கு இருபத்தைந்து, முப்பது முட்டை. அங்கே சில பெண் முதலைகள் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை இட்டன. ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் சூடுதான் தீர்மானிக்கும் என்பதை அங்கேயே சோதித்துப் பார்த்தார்கள். 31 டிகிரிக்குக் கீழே என்றால் எல்லாம் பெண், 32½ வாக்கில் ஆண். "சார், இதை நம்ம ஆத்துல விடுவாங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம்.

நீள மூக்குக் கரியால் மட்டும் பாண்டா மாதிரி சிரமம் கொடுத்தது. ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் ஆண் இல்லை. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் பூங்காவிலிருந்து ஒன்றை வரவழைத்தார்கள். 1980-ல் அங்கே குஞ்சு பொரித்தது. நம் ஆற்று ஜீவனுக்கு மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து!

பிறகுதான் வந்தது வினை. சாதா முதலை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது, விடுவதற்கு ஆறு இல்லை. 1990-களிலேயே இனி பெருக்க வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் மகாபலிபுரம் சாலைப் பண்ணையிலிருந்து ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப ஏற்பாடானது. அதற்கும் கோர்ட்டில் வழக்கு. பாண்டாவுக்குச் சீனா மூங்கில் காட்டைச் சேர்த்தே காப்பாற்றியது. நாம் முட்டைக்குக் காட்டிய அக்கறையை ஆற்றுக்குக் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

அணைக்கரைப் பக்கம் இன்று முதலை எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. மணல் போன ஆற்றில் கோடையில் மிஞ்சுவது சில பள்ளங்கள்தான். முதலைக்கும் அதே தண்ணீர், மாட்டுக்கும் அதே தண்ணீர். எங்கள் தெருக்காரர் ஒருவரின் பசுவைப் போன கோடையில் பின்னங்காலில் கவ்வியது. பிழைத்துக்கொண்டது, இப்போது நொண்டுகிறது. "பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க வாத்தியாரே, மனு எழுதிக் குடுங்க" என்று வந்தார். எழுதிக் கொடுத்தேன். எங்கே கொண்டுபோய் விடுவது என்ற வரியில் மட்டும் பேனா நின்றுவிட்டது. அந்த இடத்தை அப்படியே விட்டுக் கையெழுத்து வாங்கினேன்.