மாக்கோதையின் வெள்ளி முகம்

சங்க காலக் காசு என்றதும் நாணயம் சேகரிப்பவர்களுக்கு நினைவு வருவது சதுரச் செம்புக்காசுதான். ஒரு பக்கம் யானையோ குதிரையோ, மறுபக்கம் வில், புலி, மீன் இவற்றில் ஒன்று. பெரும்பாலானவற்றில் மன்னன் பெயரே கிடையாது. இவற்றுக்கு நடுவே கரூர் ஆற்றுப்படுகையில் கிடைத்த சில வெள்ளிக்காசுகள் தனித்து நிற்கின்றன. வட்ட வடிவம், பக்கவாட்டில் ஒரு மனித முகம், தலைக்கு மேலே தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயர்! 'குட்டுவன் கோதை' என்று எழுதியவையும் உண்டு. இரண்டும் சேரர் பெயர்கள். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து எழுதினார்.

இவ்வளவு நேர்த்தியாக முகம் வடிக்கும் கலை எங்கிருந்து வந்தது? ரோமிலிருந்து என்பதே பலர் கருத்து. கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் பொறித்த டினாரியஸ் வெள்ளிக்காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. முசிறியில் மிளகுக்கும், கொங்கில் நீலப்பச்சைக் கல்லுக்கும் வந்த பணம் அது. (புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் பேரரசர் முகத்தின் மேல் வெட்டுக்குறி போட்டிருக்கிறார்கள். கரூரிலோ அந்த முகத்தைப் பார்த்துத் தங்கள் அரசனுக்கும் ஒன்று செய்து கொண்டார்கள்!)

அப்படியானால் அச்சு வெட்டியவர் யவனரா? ரோமானியக் காசில் எழுத்து விளிம்பைச் சுற்றி ஓடும், பின்புறமும் உருவம் இருக்கும். சேரர் காசில் பின்புறம் வெறுமை. தொழில் முழுதும் அறிந்த யவனர் பாதியில் நிறுத்தியிருப்பாரா? ரோமானியக் காசைக் கையில் வைத்துப் பார்த்த உள்ளூர்க் கம்மியர் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

கடைத்தெருவுக்குச் செம்பு, அரசன் கொடுக்கும் பரிசிலுக்கு வெள்ளி என்று யாராவது சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. வெள்ளியை உருக்கி விடுவார்கள், செம்பை யார் உருக்குவார்? மேலும் இவை அகழாய்வுக் குழியில் மண் அடுக்கோடு கிடைத்தவை அல்ல, ஆற்று மணலில் பொறுக்கியவை. காலத்தை எழுத்தமைதியையும் ரோமானியக் காசுகளையும் வைத்தே கணிக்க வேண்டியிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி என்று கொள்ளலாம்.

புறநானூற்றின் 245ஆம் பாடலைப் பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவியை ஈமத்தீயில் இட்ட பிறகும் தான் உயிரோடிருப்பதை எண்ணி வருந்தும் பாட்டு அது. காசில் உள்ள முகம் அவருடையதுதானா? பெயர் ஒன்றுதான். ஆனால் கோதை என்பது சேரர் பலருக்கும் வழங்கிய பெயர்.