சிக்கன வண்டியும் சோதனைக் காலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. கிணற்று நீரைத் துலாவினால் இறைத்துத் தோட்டம் செய்த மக்கள் அதன் மக்கள். பனையின் ஓலை, மட்டை, நார், கிழங்கு, மரம் ஆகிய எதனையும் வீணே எறியாதவர்கள். ஆதலின் குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடும் வண்டியின்மீது அவர்களுக்கு விருப்பம் எழுவது இயல்பே. டீசல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒருங்கே கொண்ட ஹைபிரிட் கார் அத்தகைய ஒரு வண்டி. அதன் கவர்ச்சி எவ்வளவு, நடைமுறைப் பயன் எவ்வளவு என்பதை நிறுத்துப் பார்ப்பதற்குக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாறு நல்லதோர் உரைகல்லாகும்.

டீசல் எஞ்சினைக் கண்டவர் ஜெர்மனியரான ருடோல்ப் டீசல். 1892இல் தம் எண்ணத்துக்குக் காப்புரிமை கோரிய அவர், 1897இல் அதனை இயக்கிக் காட்டினார். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறையக் காற்பங்கு அந்த எஞ்சினில் பயனுள்ள வேலையாக மாறியது. அக்கால நீராவி எஞ்சின்களுள் பெரும்பாலானவை இதற் பாதியையும் எட்டவில்லை. இதில் தீப்பொறி வேண்டுவதில்லை. காற்றைக் கடுமையாக அழுத்துவதால் எழும் வெப்பமே எண்ணெயை எரியச் செய்கின்றது. அவ்வழுத்தமே அதன் சிக்கனத்துக்குக் காரணம். அதன் கனத்துக்கும் விலைக்கும் காரணமும் அதுவே.

டீசலும் மின்சாரமும் கைகோத்த காட்சியை யாழ்ப்பாணம் முதன்முதற் கண்டது காரில் அன்று, புகையிரதத்தில். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல்-மின் எஞ்சின்கள் 1954 முதல் இலங்கை வந்து சேர்ந்தன. 1956 ஏப்ரல் 23ஆந் திகதி சேவை தொடங்கிய யாழ்தேவியை இழுத்தவை அவ்வகை எஞ்சின்களே. டீசல் எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் சக்கரங்களின் மோட்டார்களை இயக்கிற்று. இன்றைய ஹைபிரிட் காருக்கும் அதற்கும் உள்ள பெரு வேற்றுமை பற்றரியே. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து, மீண்டும் புறப்படும்போது பயன்படுத்தும் வசதி அந்தப் புகையிரத எஞ்சினுக்கு இருக்கவில்லை.

1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. யாழ்தேவி குடாநாட்டுக்கு வருவது நின்றது. மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் மாத்திரம் மட்டான அளவில், மிகுந்த விலையில் கிடைத்தது. அந்நிலையில், புத்தம் புதிய வண்டிகள் கொட்டில்களில் உறங்க, 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய முதிய கார்கள் தெருவுக்கு வந்தன.

இதற்குக் காரணம் யாது? அக்கார்களின் எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் ஏழில் ஒரு பங்கு என்ற அளவிலேயே அழுத்தின. ஆதலால், தரங்குறைந்த எரிபொருளையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டன. காபரேற்றரினுள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இவ்வித்தை தமிழ் உழவருக்குப் புதியதன்று. தோட்டக் கிணறுகளில் துலாவின் இடத்தைப் பிடித்த நீரிறைக்கும் இயந்திரங்கள் பல, பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியவையே. இங்கிலாந்தின் பண்ணை உழவு இயந்திரங்களும் ஒரு காலத்தில் அவ்வாறே இயங்கின. தோட்டத்திற் கற்ற பாடம் தெருவில் உதவிற்று என்க.

இதற்கு இறுத்த விலையும் சிறிதன்று. புகை கண்ணைக் கரித்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. உறுப்புகள் விரைவில் தேய்ந்தன. எனினும், நோயாளி வைத்தியசாலையை அடைந்தார்; மணமகள் மணவறையை அடைந்தாள். உதிரிப்பாகம் இல்லாதவிடத்து, கராஜ் தொழிலாளர் கடைசற் பட்டறையில் அதனைச் செய்துகொண்டனர். எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது.

இதே பத்தாண்டின் இறுதியில் யப்பானில் வேறொரு வரலாறு தொடங்கியது. 1997 டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் காரை விற்பனைக்கு விட்டது. 2009இல் போர் முடிந்து ஏ-9 பாதை திறந்தபின், பெற்றோல் ஹைபிரிட் கார்கள் யாழ்ப்பாணத் தெருக்களிலும் காணப்படலாயின. டீசல் ஹைபிரிட்டை முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தது பிரான்சின் பேஜோ நிறுவனம். அவ்வண்டி 2012 அளவில் ஐரோப்பியரை அடைந்தது. முன்சக்கரங்களை டீசல் எஞ்சினும் பின்சக்கரங்களை மின்மோட்டாரும் இயக்கின. 100 கிலோமீற்றருக்கு 3.8 லீற்றர் போதும் என்றது நிறுவனக் கணக்கு. தெருவில் அந்த அளவு எய்துவது அரிதாயினும், கணக்கு கவர்ச்சியானதே.

ஆயினும் அவ்வகைக் கார் பரவவில்லை. அழுத்தத்தைத் தாங்கும் டீசல் எஞ்சின் விலை மிகுந்தது. பற்றரியும் மோட்டாரும் விலை மிகுந்தவை. இரண்டையும் ஒரே வண்டியில் வாங்குவோன் இருமுறை பணம் கொடுக்கிறான். பயனோ இருமடங்கு ஆவதில்லை. மெதுவாக ஓடும்போது பெற்றோல் எஞ்சின் செய்யும் வீண்செலவைத்தான் மின்மோட்டார் பெரிதும் தடுக்கின்றது. டீசல் எஞ்சினில் அவ்வீண்செலவு முன்னரே குறைவு. 2015இல் வெளிப்பட்ட வொக்ஸ்வாகன் புகைமோசடிக்குப் பின் ஐரோப்பாவில் டீசல் கார்களின் மதிப்பும் தாழ்ந்தது.

குடாநாட்டுக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். யாழ். நகரின் நெரிசலில் நின்று நின்று செல்வோனுக்குப் பெற்றோல் ஹைபிரிட்டே போதும். ஏ-9 பாதையில் ஒரே சீராகக் கொழும்புக்கு ஓடுவோனுக்குச் சாதாரண டீசலே போதும். இரண்டு பயணத்தையும் நாள்தோறும் செய்வோனுக்கே இரண்டின் கலப்பும் முழுப்பயன் தரும். அத்தகையோர் மிகச் சிலர்.

சிக்கனம் வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் அருகியபோது, கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கீடு தொடங்கிற்று. 100 கிலோமீற்றருக்கு 10 லீற்றர் குடிக்கும் கார் அதனைக்கொண்டு 200 கிலோமீற்றர் ஓடும். 5 லீற்றர் குடிப்பது 400 கிலோமீற்றர் ஓடும். வரிசையில் இரவு முழுவதும் காத்து நின்றவர் அந்த வேற்றுமையை நன்கறிவர்.

எண்ணெய் குறையும் காலம் வேறு. எண்ணெயும் உதிரிப்பாகமும் ஒருசேர அற்றுப்போகும் காலம் வேறு. முன்னதில் ஹைபிரிட் வெல்லும். பின்னதில் முதிய ஒஸ்ரின் வென்றதை யாழ்ப்பாணம் கண்டது. வண்டி வாங்குவோர் ஒரு லீற்றருக்கு எத்தனை மைல் என்று வினாவுவது முறையே. அதனோடு, பழுதுற்றால் இவ்வூரில் அதனைத் திருத்துபவர் உளரோ என்று வினாவுவதும் முறையாகும்.