மண்ணில் மறைந்த காவலர்

பொம்மனஹள்ளியில் குடியேறியிருக்கும் நம்மவர் பலருக்குத் தருமபுரியிலோ சேலத்திலோ இன்றும் ஒரு துண்டு நிலம் உண்டு. தைத்தும் சுமந்தும் ஈட்டிய ஊதியத்தில் ஒரு பங்கு அந்நிலத்திற்கே போய்ச் சேருகின்றது. பயிர் வேரழுகி வாடிற்று என்று செய்தி வந்தால் ஓராண்டு உழைப்பு போயிற்றென்று பொருள். ஆதலின், பயிர் நோயோடு மனிதன் நடத்திய போரின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

அவ்வரலாற்றில் ஓர் அதிகாரம் நாம் வாழும் இம்மாநிலத்திலேயே எழுதப்பட்டது. 1908-இல் கானடா நாட்டு அறிஞர் லெஸ்லி கோல்மன் மைசூர் அரசின் பணியில் சேர்ந்தார். மலைநாட்டுத் தோட்டங்களில் பெருமழைக் காலத்தில் பாக்குக் காய்கள் அழுகி உதிர்ந்துகொண்டிருந்தன. கொளெரோகம் என்று அதற்குப் பெயர். தோட்டக்காரர் மரமேறிக் குலைதோறும் மூடி கட்டி வந்தனர். கோல்மன், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைத் தெளிக்கும் முறையைப் பரப்பினார். பிரான்சில் சாலையோரத்துத் திராட்சையைத் திருடர் தொடாதிருக்கப் பூசிய பூச்சே 1885-இல் மருந்தாக அறிவிக்கப்பட்டது என்பது வேடிக்கையான செய்தி!

ஆனால், குலைமேல் தெளிக்கும் மருந்து மண்ணுக்குள் வேரைத் தின்னும் பூசணத்தை எட்டுவதில்லை. அங்கே காவல் புரிய வல்லவை, வேரைச் சூழ்ந்து வாழும் பாக்டீரியாக்களே. அவற்றுள் ஒன்று சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். புற ஊதா ஒளியில் அது மஞ்சட் பச்சையாக ஒளிரும். அந்த ஒளிரும் பொருளே அதன் ஆயுதமும் ஆகும். அது மண்ணிலுள்ள இரும்பைக் கவ்விக்கொள்வதால், இரும்பின்றிப் பூசணம் மெலிகின்றது. இதனை 1980-இல் கலிபோர்னிய ஆராய்ச்சியாளர் விளக்கினர். இன்னும், அது பூசணத்தைக் கொல்லும் நஞ்சுகளைச் சுரக்கும். பயிரின் எதிர்ப்பு ஆற்றலையும் தூண்டும்.

ஆய்வுக்கூடத்துக் குடுவையிலிருந்து உழவன் கைக்கு அதைக் கொணர்வதுதான் அரிய வேலையாயிற்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 1990-களில் பி.எஃப்-1 என்னும் இனத்தை டால்க் பொடியில் கலந்து உறையிலிட்டனர். கடலையின் வாடல் நோய்க்கு எதிரான இத்தகைய பொடியைப் பற்றிய ஆராய்ச்சி 1995-இல் வெளியாயிற்று. நெல்லின் குலைநோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் அது பரிந்துரைக்கப்படுகின்றது. கிலோ விதைக்குப் பத்து கிராம் அளவே போதும்.

எனினும், இதனை மாயமருந்து என்று நாம் கருதலாகாது. நோய் முற்றிய பின் இட்டுப் பயன் குறைவு, விதைக்கும்போதே இடவேண்டும். பூசணக்கொல்லி மருந்துகள் சிலவற்றோடு கலந்தால் காவலரும் மடியக்கூடும். இங்கே வாங்கி ஊருக்கு அனுப்புவோர், உறைக்குள் இருப்பது உயிர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். கோடையில் பேருந்தின் கூரைமேல் ஒரு பகல் வெந்த பொட்டலம் வெறும் டால்க் பொடியாகிவிடக்கூடும். உறையின்மேல் தயாரித்த நாளைப் பார்த்து வாங்கி, நிழலில் வைத்து, சில மாதங்களுக்குள் பயன்படுத்துதல் நன்று.