உற்சாகப் படபடப்பு

நல்லது ஏதோ நடக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் மனமும் உடலும் ஒருசேர முடுக்கிவிடப்படும் நிலையே உற்சாகப் படபடப்பு. நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும், பேச்சு வேகமெடுக்கும், உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. பயந்துபோனவரிடமும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான். அதனால் உடலை மட்டும் வைத்து இந்த உணர்வை அடையாளம் காண்பது கடினம்.

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரந்ததும் இதயத் துடிப்பு கூடுகிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. ஹார்வர்டு உடலியலாளர் வால்டர் கேனன் 1913-இல் பரபரப்பான ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்ததும் 25 வீரர்களின் சிறுநீரைச் சோதித்தார். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அவர்களில் ஐந்து பேர் களத்தில் இறங்கவே இறங்காத மாற்று வீரர்கள். சோதிக்கப்பட்ட ஒரு ரசிகருக்கும் இருந்தது. அவர் செய்ததெல்லாம் ஆட்டத்தைப் பார்த்ததுதான்.

உடல் எழுப்பும் இந்தப் படபடப்புக்கு மனம் ஒரு காரணம் தேடுகிறது, சில சமயம் தவறான இடத்தில். கனடாவின் வான்கூவர் அருகே, 230 அடி ஆழப் பள்ளத்தாக்கின் மேல் ஆடும் கப்பிலானோ தொங்குபாலத்தில் உளவியலாளர்கள் டோனல்டு டட்டன், ஆர்தர் ஆரன் இருவரும் நடத்திய ஆய்வு 1974-இல் வெளிவந்தது. பாலத்தில் ஓர் இளம்பெண் ஆண்களிடம் கேள்விகள் கேட்டுவிட்டுத் தொலைபேசி எண்ணைத் தந்தார். எண்ணைப் பெற்ற 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தனர். அசையாத, தாழ்வான பாலத்திலோ 16 பேரில் இருவர்தான். சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் காதலுக்கே இலக்கணம் எழுதியவர்கள் மிகைப்படுத்தினார்கள்.

ஆய்வாளர் டால்ஃப் ஸில்மன் குழு 1975-இல் கண்டது நடைமுறைக்கு இன்னும் நெருக்கமானது. உடற்பயிற்சி செய்தவர்கள் 'அடங்கிவிட்டேன்' என்று நினைத்த பிறகும் உடலில் விறுவிறுப்பு மிஞ்சியிருந்தது. அடுத்துப் பார்த்த படத்துக்கு அதுவே கூடுதல் கிளுகிளுப்பாகச் சேர்ந்தது. ஏலம், பங்குச்சந்தை, தள்ளுபடி விற்பனை போன்ற இடங்களில் 'இப்போது நிதானமாகத்தான் இருக்கிறேன்' என்ற தன்மதிப்பீட்டை உடனே நம்பாமல் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுவதற்கு இது போதுமான காரணம்.

மேடையேறப் போகிறவரிடம் 'பதறாதே' என்று சொல்வது நம் வழக்கம். ஹார்வர்டு ஆய்வாளர் அலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அதைவிட நல்ல வழியைக் காட்டியது. கரோக்கி பாடுமுன் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், 'பதற்றமாக இருக்கிறேன்' என்றவர்களைவிடத் துல்லியமாகப் பாடினார்கள். மேடைப்பேச்சு சோதனையில் 'அமைதியாக இருக்கிறேன்' என்றவர்களும் உற்சாகம் என்றவர்களை எட்டவில்லை. ஆனால் உற்சாகம் என்று சொன்னதால் இதயத் துடிப்பு குறையவில்லை. அதே துடிப்பைத் தடையாகப் பார்க்காமல் துணையாகப் பார்த்தார்கள், அவ்வளவே.

பலவீனமான இதயத்துக்கு இந்தப் பெயர்மாற்றம் பயன்படாது. 2006 உலகக்கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசரநிலைகள் வழக்கத்தைவிட 2.66 மடங்காகக் கூடின. ஆண்களிடம் இது 3.26, பெண்களிடம் 1.82. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பு நடவடிக்கை தேவை என்று 2008-இல் வெளியான அந்த ஆய்வில் மருத்துவர்கள் வலியுறுத்தினர்.