எழுபது எழுத்துக்குள் ஒரு கேள்வி

எங்கள் ஊரான கரடியனாற்றின் வயல் வட்டைகளில் தண்ணீர்ச் செய்தி சொல்ல வட்டவிதானை இருந்தார். பெரும்போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் வாய்க்கால் திறக்கும் நாள், விதைப்பு முடிய வேண்டிய நாள், மாடுகளை வட்டையிலிருந்து வெளியேற்ற வேண்டிய நாள் எல்லாம் முடிவாகும். கூட்டத்துக்குப் போகாதவர்கள் பிறகு விதானையாரிடம் கேட்பார்கள். "நம்மட பக்கம் எப்ப?" என்றால் போதும். எந்த வாய்க்கால், யாருடைய வயல் என்று அவர் திருப்பிக் கேட்பதில்லை. கேட்பவரையும் தெரியும், வயலையும் தெரியும்.

நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். குறுஞ்செய்தியாக வரும் கேள்வியை வாங்கி, விடை தேடி, திருப்பி அனுப்பும் நிரல்கள்தான் என் வேலையில் பெரும்பகுதி. மட்டக்களப்பு நகரத்தில் இருந்து எழுதினாலும், யாருக்காக எழுதுகிறேன் என்று நினைக்கும்போது வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வரம்பில் நின்று போனைத் தட்டும் மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். இயந்திரத்திடம் செய்தி அனுப்பிக் கேட்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதை அந்த மனிதரின் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

குறுஞ்செய்திக்கு அளவு வைத்தவர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மன் பொறியியலாளர். 1985இல் பொன் நகரத்தில் தன் வீட்டில் தட்டச்சுப் பொறியின் முன் இருந்து, மனதில் பட்ட வாக்கியங்களையெல்லாம் அடித்து எழுத்துகளை எண்ணினார். ஏறக்குறைய எல்லாமே 160க்குள் அடங்கின. தபால் அட்டைகளையும் டெலெக்ஸ் செய்திகளையும் பார்த்தார். அவையும் சிறியவையாகவே இருந்தன. தொலைபேசி வலையமைப்பில் அழைப்புகளை இணைப்பதற்கான சமிக்ஞைப் பாதையில் மிஞ்சிக் கிடந்த இடம் 140 பைட். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று வைத்தால் அதில் சரியாக 160 எழுத்து.

1992 டிசம்பர் 3ஆம் திகதி நீல் பாப்வர்த் என்ற இளம் பொறியியலாளர் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. பலரும் கவனிக்காத ஒன்று, அவர் அதைக் கணினியிலிருந்துதான் அனுப்பினார் என்பது. வாங்கிய தொலைபேசியில் பதில் எழுதும் வசதி இல்லை. பெருவிரலால் தட்டி அனுப்புவதற்கு முன்பே, கணினி வழியாக அனுப்பும் வேலை தொடங்கிவிட்டது. என் தொழிலின் பிறந்தநாளை அந்த டிசம்பர் 3 என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

குறுஞ்செய்தியின் 7 பிட் பட்டியலில் லத்தீன் எழுத்துகள் இருந்தன. கிரேக்கப் பெரிய எழுத்துகள் சில இருந்தன. தமிழ் இல்லை. தமிழ் அனுப்ப வேண்டுமானால் எழுத்துக்கு 16 பிட் எடுக்கும் இன்னொரு முறைக்குப் போக வேண்டும். அதே 140 பைட்டில் அப்போது 70 எழுத்துதான் பிடிக்கும். செய்தி நீண்டால் துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கு 6 பைட் போய்விடும், துண்டுக்கு 67. அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுபது அல்ல. எங்கள் ஊர்ப் பெயரை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் எண்ணச் சொன்னால் க, ர, டி, ய, னா, று என்று ஆறு சொல்லும். இயந்திரம் ஒன்பது என்கிறது. டியில் உள்ள மேல்விலங்கு தனி, னாவில் உள்ள கால் தனி, றுவில் உள்ள சுழி தனி.

2008, 2009 அளவில் தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் 7 பிட் பட்டியல்கள் கைத்தொலைபேசித் தரவிதிகளில் சேர்க்கப்பட்டன. ஆனால் கடைகளில் விற்ற போன்களில் அவை பரவவில்லை. எங்கள் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியதற்குச் சோம்பல் காரணம் அல்ல. அப்படி எழுதினால் அதே காசுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எழுத்து கிடைக்கும்.

கரடியனாற்றுக்கு இவையெல்லாம் பிந்தித்தான் வந்தன. செய்தி வராமல் கிடப்பது எங்களுக்குப் பழக்கமான நிலை. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய ஆட்கள் நடந்து போய்ப் பார்த்துவந்த கதையை என் வீட்டிலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போர்க்காலத்தின் பெரும்பகுதியில் ஊர் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால் இருந்தது. 2002 போர்நிறுத்தத்தோடு போக்குவரத்து கொஞ்சம் இளகியது. 2004 டிசம்பர் 26 சுனாமி கடலோர எழுவான்கரையைத் தின்றது. நான் அப்போது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக மாணவன். அந்தக் கிழமைகளில் குரல் அழைப்பு போகாத இடத்துக்கும் குறுஞ்செய்தி எப்படியோ போய்ச் சேரும் என்பதை நாடே கண்டுகொண்டது. சஞ்சய சேனாநாயக்க என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பாதிக்கப்பட்ட இடங்களிலிருந்து குறுஞ்செய்தியாக அனுப்பிய தகவல்களை நண்பர்கள் இணையத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் மென்பொருள் எழுதுபவர்கள் தன்னார்வமாகக் கூடி, காணாமல் போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதியும் சஹானா என்ற மென்பொருளைச் சில கிழமைகளில் உருவாக்கினார்கள். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது பயன்பட்டது. நிரல் எழுதுவது ஒருவரின் கேள்விக்கு விடை தேடிக் கொடுக்கும் வேலை என்று நான் படித்தது வகுப்பறையில் அல்ல, சஹானாவைத் திறந்து வாசித்தபோது.

போர் மீண்டும் மூண்டு, 2007 மார்ச்சில் படுவான்கரையே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்த குடும்பங்கள் வாங்கிய முதல் பொருட்களில் போனும் ஒன்று.

நான் எழுதிய முதல் நிரல் கன்னெல் என்ற மென்பொருளோடு பேசியது. 1999இல் பின்லாந்தில் வாபிட் என்ற நிறுவனம் தொடங்கி, இலவசமாகத் திறந்துவிட்ட குறுஞ்செய்தி வாயில் அது. செய்தி அனுப்ப ஓர் இணைய முகவரியைக் கட்டினால் போதும்: பயனர்பெயர், கடவுச்சொல், யாருக்கு, என்ன வாசகம். தமிழ் என்றால் இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும். எழுத்துமுறை என்ற இடத்தில் 2 என்று போட வேண்டும். வாசகம் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அந்த 2ஐ விட்டால் போய்ச் சேர்வது கேள்விக்குறி வரிசை.

முகவரிக்குள் தமிழை அப்படியே எழுதவும் முடியாது. ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்ற வேண்டும். ஆகவே ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடம். கரடியனாறு என்று அனுப்ப முகவரியில் 81 இடம் போகும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எழுதுபவருக்கு ஓர் எழுத்துக்கு ஓர் இடம்தான். இரவில் அந்த நீண்ட வரியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் மொழி எங்கே சுமை கூடிப்போகிறது என்பது எனக்குக் கண்ணால் தெரிந்தது.

வெட்டுவது இன்னும் நுட்பமான வேலை. 67இல் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் 'டி' பிளந்து 'ட' ஒரு துண்டிலும் மேல்விலங்கு அடுத்த துண்டிலும் போய்விழும். துண்டுகளை ஒட்டத் தெரியாத மலிவுப் போனில் இரண்டாவது செய்தி தனியாக நிற்கும் மேல்விலங்கோடு தொடங்கும். வாசிப்பவருக்கு அது பழுதான செய்தி. அதனால் முழு எழுத்துகளாகப் பிரித்துக்கொண்டு, சொல் முடியும் இடம் பார்த்து வெட்ட வேண்டும். வாங்கும் பக்கத்திலும் கண்ணி உண்டு. 'கொச்சிக்காய்' என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரு போன் ஒற்றைக் குறியீடாக அனுப்பும். இன்னொன்று ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து அனுப்பும். கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு இரண்டு. ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், கொச்சிக்காய் விலை கேட்டவருக்கு விலை போகாது.

இலங்கையில் அது குறிச்சொற்களின் காலம். தம்புள்ளச் சந்தையில் 2003இல் தொடங்கிய கொவி ஞான சேவை மரக்கறி விலைகளைத் திரட்டியது. 2009இல் டயலொக் தொலைபேசி நிறுவனம் அதோடு சேர்ந்து ட்ரேட்நெட் என்ற பெயரில் அவற்றைப் போனுக்குக் கொண்டுவந்தது. தம்புள்ள விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு, அவர்களுடைய மொத்தச் செலவில் 11 சதவீதம் தகவல் தேடுவதற்கே போகிறது என்று 2008இல் காட்டியிருந்தது. தேவை உண்மையானது. அதே 2009இல் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் டயலொக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் சேர்ந்து டியூன் என்ற எச்சரிக்கை வலையமைப்பை அறிமுகப்படுத்தின. அது மூன்று மொழியிலும் எச்சரிக்கும். ஆனால் அதனிடம் நாம் கேள்வி கேட்க முடியாது.

நான் வேலை செய்த ஒரு சேவையில் கேட்கும் முறை இப்படி: முதலில் குறிச்சொல், ஓர் இடைவெளி, பொருள், ஓர் இடைவெளி, இடம். மூன்றும் அந்த ஒழுங்கிலேயே வர வேண்டும். வந்த செய்திகளை வாசிப்பது என் பொறுப்பு. மக்கள் அப்படி எழுதவில்லை. "தம்பி நாளைக்குத் தண்ணி விடுவாங்களா" என்று எழுதினார்கள். "ஐயா பயிர் மஞ்சளாப் போகுது என்ன செய்ய" என்று எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போனது: தவறான குறிச்சொல், மீண்டும் முயற்சிக்கவும். அவர்கள் எழுதியதில் எந்தத் தவறும் இல்லை. வயது போன ஒரு மனிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தேடி அடித்து, காசும் கொடுத்து, தான் பிழை என்ற பதிலை வாங்குகிறார். இன்றும் எனக்கு அது பொறுக்கவில்லை.

இதற்கு வேறு வழி இருந்தது என்பதை 2010 ஜனவரியில் ஹெய்ட்டி காட்டியது. நிலநடுக்கத்துக்குப் பின் 4636 என்ற இலக்கத்துக்கு மக்கள் கிரெயோல் மொழியில் தங்களுக்கு வந்தபடி எழுதினார்கள். உலகெங்கும் சிதறிய ஹெய்ட்டியர்கள் இணையம் வழியாக அவற்றை வாசித்து, மொழிபெயர்த்து, இடம் குறித்து அனுப்பினார்கள். கேட்பவர் ஒழுங்குபடுத்தத் தேவையில்லை, வாங்கும் பக்கம் அதைச் செய்யட்டும் என்ற முடிவு அது. அங்கே மனிதர்கள் செய்ததை ஒரு நாள் நிரல் செய்ய வேண்டும் என்று அன்று முதல் விரும்பினேன்.

உரையாடும் நிரல் புதிதல்ல. 1966இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசாவும் குறிச்சொல் தேடியே பதில் சொன்னது. 2001இல் அமெரிக்காவில் ஸ்மார்ட்டர்சைல்ட் என்ற உரையாடி வானிலையும் விளையாட்டு முடிவும் சொன்னது. இரண்டுக்கும் தமிழ் தெரியாது என்பதால் அவற்றைத் தாண்டிப் போகிறேன். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தது. 2023 மார்ச் 1 அன்று அதை நிரல் வழியாகக் கேட்கும் வாசல் திறந்தது. அந்தக் கோரிக்கையைக் கட்டும் முறை பார்க்க எளியது. எந்த மாதிரி என்ற பெயர், அதன்பின் செய்திகளின் வரிசை. ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு பகுதி: சொன்னது யார், சொன்னது என்ன. சொல்பவர் அப்போது மூவர். சிஸ்டம் என்பது நான் எழுதிவைக்கும் அறிவுறுத்தல். யூசர் என்பது வயலில் நிற்பவர். அசிஸ்டன்ட் என்பது இயந்திரம் முன்பு சொன்ன பதில்.

அந்த வாசல் முன்பு பேசியதை நினைவில் வைத்திருப்பதில்லை. காலையில் ஒருவர் பயிர் மஞ்சளாவதைச் சொல்லி, மதியம் "அதுக்கு எவ்வளவு போட?" என்று கேட்டால், அந்த 'அதுக்கு' எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. காலையில் அவர் கேட்டது, அதற்குப் போன பதில், இப்போது கேட்பது எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் வரிசையாக அடுக்கி அனுப்புவது என் நிரலின் கடமை. விதானையார் மனதில் வைத்திருந்ததை நான் ஒரு தரவுத்தளத்தில் வைக்கிறேன். சிஸ்டம் செய்தியில் எங்கள் ஊரை எழுதுகிறேன்: வெள்ளாமை என்றால் நெல், அந்தர் என்றால் ஏறக்குறைய ஐம்பது கிலோ, எழுதுபவர் பெரியவராக இருக்கலாம், மரியாதையாகப் பேசு.

செலவு டோக்கன் கணக்கில், அதாவது இயந்திரம் வாசகத்தைப் பிரித்து வாசிக்கும் துண்டுகளின் கணக்கில், வரும். 2024 மே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓவை வெளியிட்டபோது ஒரே சிறு வாசகத்தைப் பல மொழிகளில் எழுதி எண்ணிக்கையைக் காட்டியது. பழைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. ஹில்லெபிராண்டின் கணக்கில் நாங்கள் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் கொடுத்தோம். இங்கே நான்கு மடங்குக்கு மேல். புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. குறைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் யாரோ உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததால்தான் குறைந்தது. குறுஞ்செய்திக்கும் நேரத்தோடு எண்ணியிருந்தால் ஒரு தலைமுறை தன் தமிழை ஆங்கில எழுத்தில் நெருக்கி எழுதியிருக்காது.

பதில் இன்னும் குறுஞ்செய்தியாகவே போகிறது, அதனால் மூன்று துண்டுக்கு மேல் விடுவதில்லை, 201 குறியீடு. இயந்திரத்திடம் சுருக்கமாகச் சொல் என்று எழுதினாலும் அதற்கு எண்ணிக்கை சரிவராது. நிரல் அளந்து பார்த்து, கூடினால் திரும்பக் கேட்கும். ஒரு விடயத்தில் மட்டும் இயந்திரத்தைப் பேசவே விடுவதில்லை. உன்னிச்சைக் குளத்து வான்கதவு, ஆற்று நீர்மட்டம், பாதை மூடல் ஆகியவற்றை யார் கேட்டாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தல் கையில் இருந்தால் அதைத் திகதி நேரத்தோடு அப்படியே அனுப்புவேன். இல்லாவிட்டால் தகவல் இல்லை என்று சொல்வேன். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவன் இதில் ஊகத்துக்கு இடம் கொடுக்க மாட்டான். பயிர்க் கேள்வியில் இயந்திரம் தடுமாறினால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கையில் இருக்கும் வேலை ஆங்கில எழுத்தில் வரும் தமிழ். உறுகாமத்தையும் இலுப்படிச்சேனையையும் பங்குடாவெளியையும் மக்கள் எத்தனை விதமாக அடிக்கிறார்களோ அத்தனையையும் சேர்த்து வருகிறேன். செங்கலடிச் சந்தியில் நிற்பவர் ஒருவிதமாக எழுதுகிறார், ஏறாவூர்க் கடைக்காரர் இன்னொருவிதமாக. இரண்டு பேருக்கும் முதல் செய்தியிலேயே பதில் போக வேண்டும். பெரும்போக விதைப்புக்கு முன் அந்தப் பட்டியல் முடிந்துவிடும்.