காப்பாளர் என்னும் சொல்: ஆயாக் கொட்டகையிலிருந்து சிறார் சட்டம் வரை



மலேசியச் சிறார் சட்டத்தில் ‘பெலிண்டுங்’ என்றொரு பதவி உண்டு. தமிழில் அதனைக் ‘காப்பாளர்’ எனலாம். சமூகநல இலாகாவின் தலைமை இயக்குநர் முதற்கொண்டு, அதற்கென நியமனம் பெற்ற நல அதிகாரி வரை அனைவரும் சட்டத்தின் பார்வையில் பெலிண்டுங்தாம். ஒரு குழந்தைக்குக் காப்பும் பராமரிப்பும் தேவை என நம்புவதற்குத் தகுந்த காரணம் இருப்பின், அக்குழந்தையை அவர் தம் தற்காலிகக் காவலில் எடுத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரவும் வேண்டும். இப்பதவிப் பெயர் 2001ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிறந்ததன்று. அதற்குப் பின்னால் நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கின்றது. அதில் நம்மவர்களின் பங்கும் துயரமும் நிறையவே உண்டு. அவற்றைப் பற்றி நம் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

1877ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வில்லியம் பிக்கரிங் என்பவர் சீனர்களின் காப்பாளராக அமர்த்தப்பட்டார். சீன மொழியைச் சரளமாகப் பேசிய வெள்ளைக்கார அதிகாரி அவர். கப்பலில் வந்திறங்கும் கூலிகளையும், விற்கப்பட்டு வரும் பெண்பிள்ளைகளையும் கண்காணிப்பது அவ்வலுவலகத்தின் வேலை. 1888இல் ‘போ லியுங் குக்’ என்னும் காப்பகம் அங்கே உருவாயிற்று. இந்தியத் தொழிலாளர்களுக்கும் குடியேற்றக் காப்பாளர், தொழிலாளர் கட்டுப்பாட்டதிகாரி என வெவ்வேறு பெயர்களில் அதிகாரிகள் இருந்தனர். இவர்கள் தொழிலாளியைக் காத்தார்களா, தோட்டத்திற்கு ஆள் குறையாமல் காத்தார்களா என்பது வரலாற்று மாணவர்கள் இன்றும் வாதிடும் செய்தி. இரண்டையும் செய்தார்கள்; இரண்டாவதைச் சற்றுக் கூடுதலாகவே செய்தார்கள் என்பது என் கருத்து.

நம் பிள்ளைகளின் கதை துறைமுகத்தில் தொடங்கவில்லை. ஆயாக் கொட்டகையில் தொடங்குகின்றது.

இன்றைய இளம் பெற்றோர் பலர் இச்சொல்லையே கேட்டிருக்கமாட்டார்கள். விடியுமுன் தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடித்துவிடும். தாயும் தந்தையும் பால்மரம் வெட்டப் போயாக வேண்டும். இருட்டிலேயே தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்திலிருந்து நடந்து, ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பெண்கள் வெளிக்காட்டுக்குச் செல்வர். பலகைச் சுவர், தகரக் கூரை, உத்தரத்தில் வரிசையாகக் கட்டிய துணித்தொட்டில்கள். இதுவே கொட்டகை. ஆயா என்பவர் பெரும்பாலும் மரம் வெட்ட இயலாத வயதான பெண்மணி. அவருக்குப் பயிற்சி ஏதும் கிடையாது. துணைக்கு ஆளும் கிடையாது. எத்தனை குழந்தைகளானாலும் அவர் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும். குளுவாங் வட்டாரத்தில் நான் பணியாற்றிய காலத்தில் என் மாணவர்களின் பாட்டிமார் சிலரிடம் இதனைக் கேட்டுக் குறித்து வைத்தேன். “ஆயாவுக்குக் கை ரெண்டுதானே சாமி” என்றார் ஒரு பாட்டி. அதற்குமேல் அவர் சொல்ல விரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

தோட்ட முதலாளிகள் மனமிரங்கிக் கட்டிய கொட்டகைகள் அல்ல இவை. தாயை வேலைக்கு இழுக்கக் குழந்தைக்கு ஓரிடம் வேண்டியிருந்தது. சட்டமும் அதனைக் கேட்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓர் இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் தோட்டத்தில் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்புக்கு இச்சட்டமே காரணம். ஜொகூர் அப்போது கூட்டு மாநிலங்களில் சேராதது. எனினும் இங்கும் அதையொட்டிய நிலையே நிலவிற்று. ஆக, பள்ளியும் கொட்டகையும் கூட்டிப் பார்த்தால், சட்டம் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அங்கே அவர்களுக்கு என்ன நேர்கின்றது என்று வந்து பார்த்தவர்கள் குறைவு. பிற்காலத்தில், 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரச் சட்டத்திலும் குழந்தைப் பராமரிப்பகம் பற்றிய விதிகள் இடம்பெற்றன. அந்நேரம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் மாசாய், ஸ்கூடாய், கூலாய் என நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தனர்.

இடையில் வந்தது சப்பானியர் காலம்.

1942ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜொகூர் வீழ்ந்தது. அவ்வாண்டே சயாம்–பர்மா இரயில் பாதைப் பணி தொடங்கிற்று. 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். முதலில் கூலி தருவோம் என்று அழைத்தார்கள், பின்னர் ஆள்பிடித்தார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் மிகப் பலர் மாண்டனர். இச்செய்தி பலருக்கும் தெரியும். நாம் அதிகம் எண்ணிப் பாராதது, அந்த ஆண்கள் விட்டுச்சென்ற வீடுகளை. தந்தை சயாமுக்குப் போய்விட, தாய் மரவள்ளிக் கிழங்கோடு போராடி நோயில் இறந்துபோக, லயத்தில் தனித்து நின்ற பிள்ளைகளை யார் எடுத்து வளர்த்தார்கள்? பக்கத்து வீட்டார் வளர்த்தார்கள். கங்காணி வீட்டில் எடுபிடி வேலைக்கும் சிலர் போனார்கள். அதற்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அன்பால் வளர்த்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே ஏற்பாட்டில் துன்புற்ற பிள்ளைகளும் இருந்திருப்பர் என்று சொல்வது அவர்களை இழிவுபடுத்துவதாகாது.

போர் முடிந்த பின், 1946இல் சமூகநல இலாகா தொடங்கப்பட்டது. 1947இல் சிறார் நீதிமன்றச் சட்டம் வந்தது. ஆனால் அரசின் கை எட்டாத இடங்களில் சமூகமே இல்லங்களை நடத்த வேண்டியிருந்தது. பினாங்கு இராமகிருஷ்ண ஆசிரமம் ஆதரவற்ற பிள்ளைகளை ஏற்றது. சுவாமி சத்தியானந்தா 1950ஐ ஒட்டிப் பூச்சோங் சாலையில் சுத்த சமாஜத்தை நிறுவி, அங்கே அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். 1961இல் அவர் விபத்தில் மறைந்த பின், அன்னை மங்களம் அப்பொறுப்பை ஏற்றார். 2023இல் தமது 97ஆம் வயதில் மறையும் வரை அவர் வாழ்வு அவ்வில்லத்தோடு பிணைந்திருந்தது. நம் சமூக அறப்பணியின் உயர்ந்த எடுத்துக்காட்டு அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த உயர்வே நமக்கு ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டது என நினைக்கிறேன். இல்லம் நடத்துபவர் நல்லவர் என்றால் இல்லம் நல்லது என்று நம்புகிறோம். எல்லாரும் அன்னை மங்களம் அல்லர்.

கோவாவின் மட்காவ் நகரில் பிரெடி பீட்ஸ் என்றொரு முதியவர் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்தினார். ஊரார் அவரை வள்ளலாகவே கருதினர். 1991இல் கைதானபோதுதான் அச்சிறுவர்களை அவர் என்ன செய்துவந்தார் என்பது வெளிவந்தது. 1996இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வெளிநாட்டார் பலர் அவ்வில்லத்திற்கு வந்து போயிருக்கின்றனர். ஐயா அன்பானவர், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார் என்பதே அதுவரை போதுமானதாக இருந்திருக்கின்றது.

பெரியவர்களின் நிலை இன்னும் மோசம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோருக்கான தனியார் காப்பகத்தில் அதிகாலையில் தீப்பற்றியது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். தர்காவின் அருளால் குணமாகும் என்னும் நம்பிக்கையோடு குடும்பத்தாரே கொண்டுவந்து விட்டுச்சென்ற உயிர்கள் அவை. அவர்களைக் கட்டிப்போட்டிருப்பதை அங்கு வந்துபோன அனைவரும் கண்டிருக்கின்றனர். ஒளித்து வைக்கப்பட்ட செய்தியன்று. அதன் பிறகே உச்சநீதிமன்றம் தலையிட்டது. அவ்வூரின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலியிடுதல் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டுவிட்டது.

மலேசியாவுக்குத் திரும்புவோம். 1990ஆம் ஆண்டு, கொடுமைக்குள்ளாகி இறந்த நம் இனத்துக் குழந்தை ஒன்றின் செய்தி நாட்டையே உலுக்கிற்று. அக்குழந்தையின் பெயரை நான் இங்கு எழுதவில்லை. அப்போது எழுந்த குரல்களின் பின்னணியில்தான் 1991இல் சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொடுமைக்கு ஆளானதாக ஐயப்படும் குழந்தையைக் காணும் மருத்துவர் அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்னும் கடமை அதில் பிறந்தது. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2002 ஆகஸ்டு 1) அதனையும், 1947, 1973ஆம் ஆண்டுச் சட்டங்களையும் ஒன்றாக்கியது. தெரிவிக்கும் கடமையைக் குடும்பத்தாருக்கும் குழந்தைப் பராமரிப்பாளருக்கும் விரித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், கொடுமைப்படுத்துவோருக்கான தண்டனையை 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என உயர்த்தியது.

ஆசிரியர்களுக்கு நேரடியான செய்தி 2017ஆம் ஆண்டின் சிறார் மீதான பாலியல் குற்றங்கள் சட்டத்தில் உள்ளது. அச்சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்ததையோ நடக்கவிருப்பதையோ அறிந்தும் தெரிவிக்காதவர் யாராயினும் 5,000 ரிங்கிட் வரை அபராதத்திற்கு ஆளாகலாம். மருத்துவர், பராமரிப்பாளர் என்று பிரித்துச் சொல்லவில்லை. கோயில் தலைவரும் அதில் அடக்கம், சமையல் செய்ய வந்த அம்மாவும் அடக்கம். 16ஆம் பிரிவு நம்மைத் தனியே குறிப்பிடுகின்றது. ஆசிரியர், விடுதிக் காப்பாளர், பயிற்றுநர் போன்று பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவரே குற்றம் புரிந்தால் கூடுதலாக 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

இல்லங்களைப் பொறுத்தவரை 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு இல்லச் சட்டமே அடிப்படை. நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும். கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது பொருந்தும். குழந்தைகள் மட்டுமல்லர், முதியோர், உடற்குறையுடையோர் தங்கும் இல்லங்களும் இதில் வரும்.

கட்டணம் வாங்காவிட்டாலும் என்னும் இடத்தைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு அரிசி, பருப்பு கொடுப்பதற்காக ஓர் இல்லத்திற்கு மாணவர்களோடு போயிருந்தேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் அரிசிப் பையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பதிவுச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று பொறுப்பாளரிடம் தாழ்மையாகத்தான் கேட்டேன். “தருமம் பண்றோம் சார், வியாபாரமா பண்றோம்?” என்றார் அவர், முகம் சிவந்து. உடன் வந்த பெற்றோர் இருவரும் என்னைத்தான் தர்மசங்கடத்தோடு பார்த்தனர். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய விடை சட்டத்திற்குச் செல்லாது என்று மட்டும் சொல்கிறேன்.

2024 செப்டம்பர் 11ஆம் நாள் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைக் காவல்துறையினர் மீட்டனர். ஒரு வணிகக் குழுமத்தோடு தொடர்புடைய இல்லங்கள் அவை. பிள்ளைகளைக் காட்டி மக்களின் இரக்கத்தைப் பெற்று நன்கொடை திரட்டப்பட்டதாகக் காவல்துறைத் தலைவர் அப்போது கூறினார். எந்தச் சமயம், எந்த இனம் என்று பார்த்து நாம் ஆறுதல் கொள்ள இதில் ஒன்றுமில்லை. நம்மிடமும் பண்புநெறி முகாம்கள் உண்டு, தேவார வகுப்புகள் உண்டு, கோயில் மண்டபத்து டியூசன்கள் உண்டு. சனிக்கிழமை காலையில் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகும் எத்தனை பேருக்கு, உள்ளே சொல்லிக்கொடுக்கும் இளைஞரின் முழுப்பெயர் தெரியும்?

எங்கள் வட்டாரத்து டியூசன் வகுப்பில் சென்ற ஆண்டு சில ஏற்பாடுகளைச் செய்தோம். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய அறையில் இருக்கலாகாது. முகாமில் இரவு தங்கினால் பெண்பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் இருவர் வேண்டும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலின்றி வெளியிடுவதில்லை. தொண்டர்கள் அடையாள அட்டை நகலும், முன்பு எங்கே பணியாற்றினார்கள் என்னும் விவரமும் தர வேண்டும். மூத்த செயலவை உறுப்பினர் ஒருவர், “நம்ம பசங்களையே சந்தேகப்படுறதா?” என்று வருந்தினார். அவர் தம்முடைய படிவத்தையே முதலில் நிரப்பித் தந்தார்; அதன் பிறகு மற்றவர்கள் மறுப்புச் சொல்லவில்லை.

சிறார் மீதான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டோரின் பதிவேடு 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி உருவானது. பிள்ளைகளோடு பணியாற்ற ஆள் எடுப்போர் 2019 முதல் சமூகநல இலாகாவின் வழி அதில் சரிபார்க்கக் கேட்கலாம். ஐயத்திற்கிடமான ஒன்றைக் கண்டால் அழைக்க வேண்டிய எண் 15999, தாலியான் காசே. நாள் முழுவதும் இயங்குகின்றது. பதிவேட்டுச் சரிபார்ப்புக்கான விண்ணப்பத்தை உங்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.